ஒரு படம், மூன்று பிரதிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய திகில், துப்பறியும், அறிவியல் புனைவுப் படங்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். 1922இல் வெளிவந்த, ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவைப் பற்றிய ஜெர்மானிய மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’ என்னிடம் மூன்று தகடுகளாக இருக்கிறது. முதல் டிவிடி ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது, கறுப்பு வெள்ளை, அதில் பிரபுவின் பெயர் டிராகுலா. இன்னொன்று எண்பது நிமிடம். அண்மையில் வாங்கிய புளூரே ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. பிரபுவின் பெயர் ஓர்லோக். காட்சிகள் நீலமும் மஞ்சளுமாக இருக்கின்றன. இந்த நிறம் பிற்காலத்தவர் பூசியதுதானே? எது உண்மையான படம்? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாமா? எல்லாம் இணையத்தில் இருக்கும்போது இவை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். மேலும், பழைய 16 மி.மீ. படச்சுருள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது. தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். அது பிற்காலத்தவர் பூசியது அல்ல. உங்களுடைய கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து காணாமல் போனது. மௌனப் படக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பெரும்பாலும் பகலில்தான் எடுத்தார்கள். பிரதி தயாரானபின் அந்தப் பகுதிகளைச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கொளி என்பது அன்றைய பார்வையாளருக்குச் சொல்லாமலே விளங்கும். ஓர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் நடந்துவரும் காட்சியை முதல் டிவிடியில் இன்னொருமுறை பாருங்கள். நல்ல பகல் வெளிச்சம் தெரியும். சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகிறவன் பட்டப்பகலில் தெருவில் நடப்பதைப் பார்க்கும் இன்றைய பார்வையாளர் சிரித்துவிடுகிறார். இயக்குநர் முர்னாவ் கவனக்குறைவாக எடுத்துவிட்டார் என்றும் நினைத்துக்கொள்கிறார். அதே காட்சியைப் புளூரேயில் பாருங்கள். நீலத்தில் அது நள்ளிரவு, ஆளரவமற்ற ஊர், சிரிப்பு வராது. சாயம் தோய்ந்த பிரதியைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் நகலெடுத்தபோது நிறத்தோடு கதையின் தர்க்கமும் போய்விட்டது. பாரிஸின் சினிமாதெக் ஃபிரான்சேஸ் காப்பகத்தில் 1922ஆம் ஆண்டின் சாயமிட்ட பிரதி ஒன்று இருந்ததால்தான் மீட்டெடுப்பாளர்களால் அந்த நிறங்களைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

நீளம் வேறுபடுவதற்கு வெட்டு ஒரு காரணம், வேகம் இன்னொரு காரணம். மௌனப் படங்களுக்கு ஒரே சீரான வேகம் இருந்ததில்லை. நொடிக்கு 18 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் எண்பது நிமிடம் ஓட வேண்டிய படத்தை, பேசும்படத்துக்குரிய 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சிகூடக் குறைந்திருக்காது. மனிதர்கள் மட்டும் பொம்மைகளைப் போல விறுவிறுவென்று நடப்பார்கள். ஆகவே நிமிடக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பிரதியைக் குறைபட்டது என்று தீர்மானித்துவிடக் கூடாது.

டிராகுலா என்ற பெயர் விஷயம் இன்னும் சுவையானது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை உரிமை பெறாமல் படமாக்கியதால்தான் ஜெர்மானியர்கள் பெயர்களை மாற்றினார்கள். ஆனாலும் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழித்துவிடும்படி 1925இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டிருந்தன. அமெரிக்காவில் ஓடிய பிரதியில் காட்சிகளுக்கிடையே வசனம் காட்டும் எழுத்துப் பலகைகளை மாற்றியபோது, மறைக்க வேண்டிய பெயரையே மீண்டும் போட்டுவிட்டார்கள். மூல நெகட்டிவ் இன்று இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் தப்பிப் பிழைத்த பிரதிகளின் வழிவந்தவை. எனவே ‘உண்மையான படம் எது’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு தகட்டைச் சுட்டிக்காட்டி என்னால் பதில் சொல்ல முடியாது. முர்னாவ் மனத்தில் கண்டதற்கு மிக அருகில் இருப்பது புளூரே. டிராகுலா பிரதியோ, அந்தப் படம் கடல்கடந்து போய் எந்த வேடத்தில் உயிர் பிழைத்தது என்பதற்கான சாட்சி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பவர் சேகரிப்பது படத்தை அல்ல, பிரதியை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த வகைப் படத்துக்கும் இது பொருந்தும் என்றாலும், நீங்கள் விரும்பும் வகைகளுக்குக் கூடுதலாகப் பொருந்தும். இவற்றை மலிவான கேளிக்கை என்று கருதியதால் தணிக்கையாளர்களும் விநியோகஸ்தர்களும் கூசாமல் கத்தரி வைத்தார்கள். 1931இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில், ஏரிக்கரையில் விஞ்ஞானி ஒருவர் உயிரூட்டிய உருவத்தோடு ஒரு சிறுமி விளையாடுகிறாள். இருவரும் பூக்களை ஒவ்வொன்றாக நீரில் எறிகிறார்கள், அவை மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கி நீரில் போட்டுவிடுகிறது. அவள் மூழ்கியதும் பதறுகிறது. இந்தக் கொடூரம் வேண்டாம் என்று வெட்டினார்கள். வெட்டிய பிரதியில் அதன் கைகள் சிறுமியை நோக்கி நீள்வதோடு காட்சி முடிகிறது. பிறகு தந்தை அவளுடைய உடலைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வருகிறார். நடுவில் என்ன நடந்தது என்று பார்வையாளர் கற்பனை செய்துகொள்வது படத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு அருவருப்பானது. ஓர் அறியாமையின் துயரம் வன்மமாக மாறிவிட்டது. அந்தச் சில நொடிகள் 1980களில்தான் படத்துக்குத் திரும்பின. அதுவரை ஒரு தலைமுறை முழுக்க வேறொரு கதையைப் பார்த்திருந்தது.

‘மெட்ரோபாலிஸ்’ என்ற ஜெர்மானிய அறிவியல் புனைவுப் படத்துக்கு நேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1927 ஜனவரியில் பெர்லினில் இரண்டரை மணி நேரம் ஓடிய படத்தைச் சில மாதங்களிலேயே ஏறக்குறைய கால் பங்கு வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டவற்றில் பெரும்பகுதி 2008இல் புவெனஸ் அயர்ஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. நெகட்டிவில் கிடைத்தது. அந்த நெகட்டிவுக்கு மூலமாக இருந்தது, ஒரு திரைவிமர்சகர் தனக்கென்று வைத்திருந்த பிரதி. மழை பெய்வதைப் போலக் கீறல்கள் நிறைந்த அந்தக் காட்சிகளை ‘தரமற்றது’ என்று யாரேனும் கழித்திருந்தால் இன்று அவை இல்லை.

வீட்டாருக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் இதில்தான் இருக்கிறது. இணையத்தில் படம் இருக்கும். எந்தப் பிரதி, எங்கிருந்து எடுத்தது, என்ன வேகம், யாருடைய இசை என்பது பெரும்பாலும் இருக்காது. உரிமக் காலம் முடிந்தால் படமும் போய்விடும். புதிய வடிவம் வந்தால் பழையது சொல்லாமல் கொள்ளாமல் மறையும். புதியது எப்போதும் மேலானது என்பதும் இல்லை. படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகளான படமணிகளைத் துடைத்தெடுக்கும் ஆர்வத்தில் முகங்களை மெழுகாக்கிவிட்ட மீட்டெடுப்புகள் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

எல்லாவற்றையும் குவித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுடைய எண்பது நிமிட டிவிடி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். பதிப்புரிமை இல்லாத படங்களை ஒரே மங்கிய நகலிலிருந்து எடுத்துப் பல நிறுவனங்கள் வெவ்வேறு அட்டையில் விற்பது வழக்கம். அப்படிப்பட்டதைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். வேறெங்கும் இல்லாத இசையோ விளக்க உரையோ இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேடு தொடங்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் ஓடும் நேரம், மூலப் பிரதி, நிறம், இசையமைத்தவர், எழுத்துப் பலகைகளின் மொழி ஆகியவற்றை எழுதிவைத்தால் சில மாதங்களில் எது வேண்டாதது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இனி அந்தச் சுருள். தானாகவே எரியக்கூடியது நைட்ரேட் படச்சுருள். அது பெரும்பாலும் 35 மி.மீ. அளவுக்கு உரியது. 16 மி.மீ. அளவு 1923இல் வீட்டு உபயோகத்துக்கென்றே வந்தபோது, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில்தான் வந்தது. எனவே தீயைப் பற்றிய பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆனால் அந்தப் புளித்த வாடை வினிகருக்கு உரிய அசிட்டிக் அமிலத்தின் வாடைதான். அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். வெளிவரும் அமில ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல சுருள்களையும் கெடுக்கும். முதலில் அதை மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து, காற்று புகும் டப்பாவில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆவலில் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். சுருங்கிய சுருளின் துளைகள் பற்களில் சிக்கிக் கிழிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்து முதல் சில அடிகளையும் ஓரத்தில் உள்ள எழுத்துகளையும் மட்டும் படித்து, என்ன படம் என்று தெரிந்தால் எழுதுங்கள். இந்தச் சிதைவைத் தள்ளிப்போடலாமே தவிர மீட்க முடியாது. ஆகவே சுருங்கிய சுருளைக் கையாளத் தெரிந்த ஒருவரிடமோ ஒரு திரைப்படக் காப்பகத்திடமோ கொடுத்து, தாமதிக்காமல் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அன்புடன்.