ஹார்ப்சிகார்ட் வாசித்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ராயபுரத்தில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு அவன்தான் கீபோர்டு வாசிக்கிறான். பியானோவில் டிரினிட்டி இசைத் தேர்வில் 7ஆம் கிரேடு முடித்துவிட்டான். பி.காம் சேரச் சொன்னால், ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோ மாதிரியான பழைய வாத்தியத்தைப் படிக்க ஐரோப்பா போகிறேன் என்கிறான். அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, பெரிய வசதி கிடையாது. இதெல்லாம் ஒரு பிழைப்பா?
– ஒரு தாய், ராயபுரம்

பதில்: பிழைப்புதான் அம்மா. ஆனால் மேடையில் தனியாக உட்கார்ந்து கச்சேரி செய்வதை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். இந்த வாத்தியக்காரர்களுக்குச் சம்பாத்தியம் பெரும்பாலும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதில்தான் வருகிறது. பாக், ஹேண்டல் என்ற இசையமைப்பாளர்களின் காலத்து இசையில் அடிக்குரல் வரியும் அதோடு சில எண்களும்தான் ஹார்ப்சிகார்டுக்கான தாளில் இருக்கும், அந்த எண்களைப் பார்த்து வலது கைக்கான கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, வாசிப்பவரே அந்த நொடியில் அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு பிகர்டு பேஸ் என்று பெயர். இதில் கை ஓடுகிறவரைத்தான் அந்தக் காலத்து இசையை வாசிக்கும் பரோக் ஆர்க்கெஸ்ட்ராக்களும், இசை நாடகம் போடும் ஓபரா குழுக்களும் தேடும். சர்ச்சில் யாராவது திடீரென்று பாட ஆரம்பித்தால் உடனே கார்டு பிடிக்கிற பழக்கம் உங்கள் பையனுக்கு இருக்குமே, அது பெரிய மூலதனம்.

பியானோ வந்தபின் 19ஆம் நூற்றாண்டில் ஹார்ப்சிகார்ட் ஏறக்குறைய மறைந்தே போனது. அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் போலந்தில் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா முக்கியமானவர். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பை 1933-இல் ஹார்ப்சிகார்டிலேயே வாசித்துக் காட்டினார். அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் குஸ்தாவ் லியோன்ஹார்ட், அவருடைய மாணவர் டான் கூப்மன். இருவருமே ஆர்கனும் வாசித்தார்கள், பாடமும் நடத்தினார்கள், குழுக்களையும் நடத்தினார்கள். உங்கள் மகனும் அப்படி நாலு வேலை சேர்ந்த வாழ்க்கைக்குத்தான் தயாராக வேண்டும், மாதச் சம்பளம் கிடைப்பது அபூர்வம். சுருதி சேர்ப்பதும் அதில் ஒரு வேலை. இந்த வாத்தியத்தின் தந்திகள் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் கச்சேரிக்கு முன் வாசிப்பவரே உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசு இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சிறு தொகைதான். பழைய இசைக்குப் பெயர்பெற்ற டிராசிங்கன் இசைக் கல்லூரி இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். பெரிய சுமை கல்விக் கட்டணம் அல்ல, சாப்பாடும் வாடகையும்தான்: விசாவுக்காக ஒரு வருடச் செலவை வங்கியில் முன்கூட்டியே காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. இந்தத் தொகைக்கு வழி தெரியும்வரை வீட்டை அடமானம் வைக்காதீர்கள், தயவுசெய்து.

பி.காம் சேரட்டும். அவனிடம் அதைத் தண்டனையாகச் சொல்லாமல், தயாரிப்புக்கான மூன்று வருடம் என்று சொல்லுங்கள். கல்லூரி முடிந்து நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன், வீட்டில் தினமும் பாக், கூடவே பிகர்டு பேஸ். அங்கே நுழைவுக்கு வாசித்துக் காட்டுவதுதான் பிரதானம், இன்னும் மூன்று வருடம் கழித்துப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

கேள்வி: என் கீபோர்டிலேயே ஹார்ப்சிகார்ட் சத்தம் இருக்கிறது. அதில் பழகினால் போதாதா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நோட்டுகளைப் படிக்கப் போதும், விரலுக்குப் போதாது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு முள் தந்தியை மீட்டுகிறது, அந்தக் காலத்தில் அது பறவை இறகின் தண்டு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. அதனால் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம், அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் இசையின் உணர்ச்சி வருகிறது. முள் தந்தியில் சிக்கி விடுபடுவது விரல் நுனியில் தெரியும், கீபோர்டில் அது கிடைக்காது.

இங்கே ஒன்றை வாங்கி வைப்பதும் சுலபமில்லை. கடல் காற்றும் ஈரப்பதமும் மரத்தையும் தந்தியையும் பாடாய்ப்படுத்தும். அதைவிட, எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போல பைப் ஆர்கன் உள்ள சர்ச்சில் அனுமதி கேட்டுப் பாருங்கள். அதிலும் அழுத்தத்தால் சத்தம் அதிகமாகாது, விரல் ஒழுங்குக்கு நல்ல பயிற்சி. வீட்டில் கீபோர்டு வாசிக்கும்போது, விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கிற சஸ்டெய்ன் பெடலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.