எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள்

கேள்வி: பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயிரணுக்களின் மரபணுக்களை மாற்றிப் புதிய வேலை செய்ய வைக்கும் செயற்கை உயிரியலில் பெரிய பெயர் எடுத்த அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் அடுத்த மாதம் எங்கள் துறையோடு ஜூமில் பேசப்போகிறார். கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு, மொத்தம் 20 நிமிடம். 32 கேள்விகள் எழுதிவிட்டேன், ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை. எதை வைப்பது, எதை விடுவது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: "செயற்கை உயிரியல் என்றால் என்ன", "இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்", "மாணவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்" ஆகிய மூன்றும் அந்த 32-இல் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். நூறு மேடையில் சொன்ன பதில்தான் உங்களுக்கும் வரும், அதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அப்புறம், அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள். வருபவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஜே கீஸ்லிங்கை வைத்துச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருப்பவர். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து ஒரு செடியிலிருந்து வருவது, நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடி அது. அதன் மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, மருந்துக்கு முந்தைய படியான ஆர்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்டே சுரக்கும்படி செய்தது கீஸ்லிங்கின் குழு. 2006 கட்டுரையில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கிடைத்தது. அவரும் சேர்ந்து தொடங்கிய அமைரிஸ் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் அது 25 கிராம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள், கேள்வி தானாக வரும். "ஆய்வில் என்ன சவால்கள்?" என்றால் "நிறைய" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். "இந்த ஏழு வருஷத்தில், இது நடக்காது என்று நினைத்த நாள் எது, அன்று எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?" என்றால் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

இந்த வேலையில் அப்படிப்பட்ட நாள் எல்லோருக்கும் உண்டு. ஆய்வகத்தில் கோத்த மரபணுத் தொகுதியால் ஒரு பாக்டீரியாவை இயக்கிக் காட்டியதாக 2010-இல் அறிவித்தது அமெரிக்க மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனம். அதற்கு முன், அந்தத் தொகுதியின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் (டி.என்.ஏ.வின் அலகுகளை அப்படிச் சொல்வார்கள்) ஒரே ஒரு எழுத்து விடுபட்டதால் பல வாரங்கள் வேலை நின்றுபோனது. எந்த எழுத்து என்று எப்படித் தேடினார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

சங்கடமான கேள்வி ஒன்றாவது வேண்டும். ஈஸ்ட் வழியில் வந்த ஆர்டிமிசினினை சனோஃபி மருந்து நிறுவனம் இத்தாலியில் தயாரிக்கத் தொடங்கியது, கிலோ 350 முதல் 400 டாலர். அதற்குள் செடியிலிருந்து எடுத்ததன் விலை 250 டாலருக்குக் கீழே இறங்கிவிட, அந்த ஆலையையே விற்க வேண்டியதாயிற்று. சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அந்தச் செடியைப் பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். கீஸ்லிங்கே நெப்ராஸ்காவில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். "அவர்களில் யாரிடமாவது உட்கார்ந்து பேசினீர்களா?" என்று நேராகக் கேட்கலாம். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், தெரிந்துகொள்ளும் குரல் போதும்.

கடைசியில் ஐந்து கேள்வி மிஞ்சினால் போதும். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படியுங்கள், நடுவில் மூச்சு வாங்கினால் அது இரண்டு கேள்வி, வெட்டுங்கள். கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பெரிய விஞ்ஞானியிடம் அவர் ஆய்வின் ஆபத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைவாகாதா?
- வாசகர், திருச்சி

பதில்: ஆகாது. அவர்களே பேசுகிறார்கள். 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: நம் உடலில் உள்ள மூலக்கூறுகளின் கண்ணாடிப் பிம்பம் போன்றவற்றால் ஆன பாக்டீரியாவை உருவாக்க வேண்டாம், அதை நம் நோய் எதிர்ப்புச் சக்தியால் அடையாளம் காண முடியாமல் போகலாம் என்று. அவர்களில் ஒருவரான கேட் அடமாலா அந்தத் திசையில் வேலை செய்துகொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார். ஆகவே "இது ஆபத்தா?" என்று பொதுவாகக் கேட்காமல், "செய்ய முடியும் என்று தெரிந்தும் நீங்கள் கைவிட்ட வேலை எது?" என்று கேளுங்கள். அதைப் பேச்சின் நடுவில் வையுங்கள், கடைசி நிமிடத்துக்குத் தள்ளினால் ஒரு வரியில் முடிந்துவிடும்.