புல் மகரந்தப் புரதத்தை ரசாயனத்தால் மாற்றி ஊசி போடுவது எதற்கு?

உங்கள் மகளுக்கு 9 வயது, புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார், வெளிநாட்டில் அந்தப் புரதத்தை ஃபார்மலின் மாதிரி ரசாயனத்தில் மாற்றி ஊசியாகத் தருகிறார்களாமே, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஐப்பசி மழை விட்டு வரப்பெல்லாம் புல் பூத்தால் எனக்கு அடுக்குத் தும்மல்தான். மூன்று வருஷம் அலர்ஜி ஊசியும் போட்டுக்கொண்டேன். அதனால் உங்கள் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

எனக்குப் போட்டது எந்த மாற்றமும் செய்யாத மகரந்தச் சாறு. உடம்பு அதற்குப் பழகட்டும் என்று துளியிலும் துளியாக ஆரம்பித்து வாராவாரம் அளவைக் கூட்டுவார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ ஊசியன்று, போட்டு முடித்ததும் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது உள்ளங்கை அரித்தது. அப்புறம் காது மடல் சுட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஆனதும் மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அட்ரினலின் போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. ஊசி போட்டால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

மகரந்தப் புரதத்தை மாற்றும் வேலை முழுவதும் இந்த ஆபத்தைக் குறைக்கத்தான். அலர்ஜி உள்ளவர் உடம்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், தோலிலும் மூக்கிலும் காவல் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் முள் முள்ளாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டை ஒரே மகரந்தப் புரதம் சேர்த்துப் பிடித்தால் போதும், செல் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் அதிலிருந்துதான். ஐஜிஇ பெரும்பாலும் புரதத்தின் உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்கிறது, அதாவது சங்கிலி மடிந்து மடிந்து மேலே உண்டாகும் மேடு பள்ளத்தை. ஆனால் சிகிச்சை பலிக்க நமக்கு வேண்டியது, எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களின் மனமாற்றம். டி செல்லுக்கு உருவம் தேவையில்லை. வேறு செல்கள் புரதத்தை விழுங்கி, துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக் காட்டும். அந்தத் துண்டில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் நிற்கும் வரிசையைத்தான் டி செல் படிக்கிறது.

அப்படியானால் உருவத்தைக் குலைத்து வரிசையை மட்டும் விட்டுவைத்தால்? இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அதைச் செய்ய உதவுவதுதான் ஃபார்மால்டிஹைடும் (தண்ணீரில் கரைத்தால் அதுதான் ஃபார்மலின்) குளூட்டரால்டிஹைடும். புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் இவை போய்ப் பிடித்துக்கொள்ளும். குளூட்டரால்டிஹைடுக்கு இரண்டு முனையிலும் கை உண்டு. ஒரு கையில் ஒரு புரதம், மறு கையில் இன்னொன்று என்று பிடித்து, சுமார் 30,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள மகரந்தப் புரதங்களை லட்சக்கணக்கான டால்டன் எடையுள்ள கொத்துகளாகக் கோத்துவிடும். ஐஜிஇ தேடும் மேடு பள்ளம் பெரும்பாலும் மூடிப்போகும். உள்ளே வரிசை அப்படியே கிடக்கும்.

என் மாமா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் ஏன் அழுகுவதில்லை என்று சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். "நாரோட நார் கட்டிக்கிருச்சு மாப்ளே, இனி அவிழாது" என்பார். பட்டையிலுள்ள டானின் தோல் புரதத்தைக் கட்டும் விதம் வேறு, ஆல்டிஹைடு கட்டும் விதம் வேறு. ஆனாலும் வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் மாமா சொன்னதைத்தான் சொல்கிறேன். குளூட்டரால்டிஹைடை வைத்தே தோல் பதனிடுகிறவர்களும் உண்டு.

ஃபார்மலின் என்றதும் உங்களுக்கு வந்த பயம் நியாயமானது. ஆனால் உங்கள் மகளுக்கு இந்த வேதியியல் புதிதில்லை. குழந்தையில் போட்ட முத்தடுப்பூசியில் இருக்கும் டெட்டனஸ் டாக்சாய்டு, அந்தக் கிருமியின் நஞ்சை ஃபார்மால்டிஹைடால் செயலிழக்கச் செய்து தயாரித்ததுதான். ஆணி குத்தினால் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிற டிடி ஊசியும் அதுவே. வேலை முடிந்ததும் மிஞ்சும் ரசாயனத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். நம் உடம்பே தினமும் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடை உண்டாக்கி, அதைச் செலவழித்துக்கொண்டும் இருக்கிறது.

1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனர்ட் நூன் என்பவர்தான் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்ததை வெளியிட்டார். மகரந்தம் ஒருவித நஞ்சை விடுகிறது, அதற்கு எதிர்ப்பை வளர்க்கலாம் என்பது அவர் கணக்கு. காரணம் தப்பு, வழி சரி! 1970இல் டேவிட் மார்ஷும் கூட்டாளிகளும் ரை புல்லின் புரதத்தை ஃபார்மால்டிஹைடால் மாற்றி, டாக்சாய்டு என்ற பெயரின் சாயலில் அலர்ஜாய்டு என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் இன்று புழங்கும் சில அலர்ஜாய்டுகளில் மகரந்தப் பருவத்துக்கு முன் நான்கு ஊசியோடு அந்த வருஷத்துக்கு முடிந்துவிடும். வாராவாரம் பஸ் ஏறிய எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, குறையே இல்லையா? உண்டு. மாற்றம் அளவுக்கு மீறினால் டி செல் படிக்கும் இடங்களும் கெடும். வழக்கமான சாற்றின் வீரியத்தை ஐஜிஇ எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். அலர்ஜாய்டில் அதைத்தான் மூடிவிட்டோமே, அதனால் தரம் பார்க்க வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. ஆபத்து குறைகிறதே தவிர முழுதாகப் போவதில்லை. அரை மணி நேரக் காத்திருப்பும் பக்கத்தில் அட்ரினலினும் இதற்கும் கட்டாயம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது டிமோத்தி, ரை போன்ற குளிர்நாட்டுப் புற்கள். நம் வரப்பில் இருப்பது அருகம்புல். பிள்ளையாருக்கு அம்மா கிள்ளும் அதே புல்தான். தண்டு நுனியில் விரித்த விரல் மாதிரி நாலைந்து கதிர் நீட்டி, உற்றுப் பார்த்தால் ஊதா நிறத்தில் மகரந்தப் பை தொங்கும். அருகம்புல் வேறு துணைக்குடும்பம். டிமோத்தியில் அலர்ஜியைத் தூண்டும் முக்கியமான புரதங்களில் ஒன்றான ஐந்தாம் தொகுதிப் புரதம் இதில் கிடையாது. ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றுக்கு அப்படியே பலிக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முதலில் எந்தப் புல் என்று உறுதிப்படுத்துங்கள். அதற்குத் தோல் சோதனை உண்டு: முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு மகரந்தச் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, லேசாகக் குத்தி, 15 நிமிஷம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். அதிகம் வலிக்காது. என் கையில் அருகம்புல்லுக்கும் சீமைக் கருவேலத்துக்கும் எழும்பியது. அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் சோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தடிப்பே வராது. மகளுக்கு வீசிங் இருந்தால் அது கட்டுக்குள் வந்த பிறகுதான் ஊசி. அது எந்த வகை ஊசியானாலும், அட்ரினலின் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டு உட்காருங்கள்.