பிளேன் டீயை விட்டுக் கிறீன் டீக்கு மாறுவது நல்லதா? கிறீன் டீ மாத்திரையும் எடுக்கலாமா?

அலுவலகத்தில் யாராவது உங்களைப் பார்த்து "இன்னும் பிளேன் டீயா?" என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் கொலஸ்ட்ரோல் அறிக்கை கைக்கு வந்திருக்கும். மாறத் தேவையில்லை என்பதே என் பதில். கிறீன் டீயின் ருசி பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். உடம்பின் கலங்களைக் காக்கும் என்று சொல்லப்படும் அன்டிஒக்ஸிடன்டுக்காக என்று கஷாயம்போல விழுங்க வேண்டாம்.

தேயிலைக்காரன் வேறென்ன சொல்வான் என்பீர்கள். கொழும்பில் ஒரு தேயிலைத் தரகுக் கொம்பனியின் மாதிரி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். இன்று தேயிலை என்ன விலைக்குப் போனாலும் எனக்கு ஒரு சதம் வராது. வைத்தியனும் அல்ல. ஆனால் இரண்டும் ஒரே செடியின் கொழுந்து என்று சொல்ல வைத்தியப் படிப்பு எதற்கு? பறித்த கொழுந்துக்குச் சூடு காட்டி, அதிலுள்ள நொதியை உடனே அடக்கிவிட்டால் கிறீன் டீ. வாட்டி, ரோலரில் உருட்டி, காற்றுப்பட விட்டு, பிறகு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை, அதாவது நம் பிளேன் டீக்குப் போடுவது. காற்றுப்படும் அந்த நேரத்தில்தான் கொழுந்தில் இயற்கையாக இருக்கும் கட்டெச்சின் என்ற அன்டிஒக்ஸிடன்டுகளில் பெரும்பகுதி தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருட்களாக மாறுகிறது. சாயத்தின் செம்மையும் கடுப்பும் அங்கிருந்து வருபவை.

ஆகவே கட்டெச்சின் கிறீன் டீயில் கூடுதல். அதில் எனக்கு வழக்கில்லை. கறுப்புத் தேயிலையில் அப்படி உருமாறிய கட்டெச்சினெல்லாம் வீண் என்று பேசுகிறார்களே, அங்கேதான் வழக்கு. தியாஃபிளேவினும் கட்டெச்சினும் அன்டிஒக்ஸிடன்டாக ஒரே அளவு வேலை செய்கின்றன என்று 2001 இல் ஹொங்கொங் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது ஆய்வுகூடச் சோதனை, மனித உடம்பு வேறு என்று ஒருவர் கிளம்புவார். சரி, அந்த நியாயம் கிறீன் டீக்கும் பொருந்தும் அல்லவா? உணவுகளை அன்டிஒக்ஸிடன்ட் அளவால் வரிசைப்படுத்திய பட்டியலை, ஆய்வுகூட அளவு மனித உடம்பில் நடப்பதைக் காட்டாது என்று அமெரிக்க விவசாயத் திணைக்களமே 2012 இல் தன் இணையத்தளத்திலிருந்து நீக்கிவிட்டது. மனிதர்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2022 இல் வெளியான ஆய்வு இருக்கிறது. நாளுக்கு இரண்டு கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு, தேநீர் குடிக்காதவர்களைவிட இறப்பு ஆபத்து 9 முதல் 13 சதவீதம் குறைவு. அவர்கள் குடித்தது பெரும்பாலும் கறுப்புத் தேநீர். தேநீர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் என் அண்ணன் மகள். கொழும்புக் கோட்டையில் வங்கி வேலை. ஒருநாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான் நீட்டிய கோப்பையைத் தள்ளிவிட்டு, "இதில் வெறும் சாயம்தான் சித்தப்பா, லயத்தில் குடிக்கிறது" என்றாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அவளுடைய அப்பாயி, அதாவது என் அம்மா, மலையகத்தில் தலவாக்கலையில் கொழுந்து பறித்துத்தான் என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி பேசினாள்.

அண்ணன் மகள் காலை, பகல், இரவு என்று சாப்பிட்டுக் கை கழுவியதும் கிறீன் டீ குடிப்பவள். வீட்டில் சைவம், இரும்புச்சத்து என்றால் கீரையும் பருப்பும்தான். கொஞ்ச காலத்தில் படியேறினால் மூச்சு வாங்கியது, முடி கொட்டியது. இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் குறைவு. வைத்தியர் முதலில் கேட்டதே சாப்பாட்டோடு என்ன குடிக்கிறாய் என்றுதான். தாவர உணவின் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தேநீரின் பொலிபீனோல்கள் பிடித்துக்கொள்ளும்; கட்டெச்சினும் தியாஃபிளேவினும் அந்த வகைதான். அன்டிஒக்ஸிடன்ட் என்று நாம் தேடிப்போகிற அதே பொருட்கள்தாம். இரும்பு மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொன்னார். கறியில் தேசிக்காய் பிழிந்துகொள்வதும் உதவும் என்றார். இதைக் கேட்டு நான் குதிக்கவில்லை. பிளேன் டீயும் அதே வேலையைத்தான் செய்யும்.

நிறத்தைப் பார்க்கிற நேரத்தில் சீனியைப் பாருங்கள். மூன்று கரண்டி போட்டுவிட்டு எந்தத் தேயிலை நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் கணக்கு அதேதான்.

இன்னொன்று. கொழும்பு 7 இல் ஒரு கடையில் கண்ணாடிக் கெண்டியில் கிறீன் டீ கொடுத்து 900 ரூபா வாங்கினார்கள். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கு 2021 வரை காத்திருந்தோம். அதுவும் கேட்கத் தொடங்கி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. பில்லில் சேவைக் கட்டணம் வேறு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதாமல் விட மனமில்லை.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கோப்பைத் தேநீர் அல்ல, செறிவாக்கிய சாறு. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி என்ற கட்டெச்சினை மாத்திரையாக எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே வேறு மருந்து குடிப்பவரானால், வாங்கிய போத்தலையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் அவருக்கு அளவு தெரியாது.