முன்னால் இருந்த ஜீரோ எங்கே போனது? எக்செல், பவர் பிஐ கேள்வி-பதில்

கே: வங்கி தரும் சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) எக்செல்லில் திறந்தால் கணக்கு எண்ணின் முதல் ஜீரோ காணாமல் போகிறது. சில எண்கள் ‘இ+15’ என்று முடிகின்றன. என்ன செய்வது?

ப: டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். அப்படித் திறந்தால் கணக்கு எண்ணையும் கூட்டிக் கழிக்கும் எண்ணாகவே எக்செல் எடுத்துக்கொள்ளும். எண்ணில் 15 இலக்கம் வரைதான் அது வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கம் ஜீரோவாகிவிடும். அதை சேவ் செய்துவிட்டால் அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியே இல்லை, வங்கியிடம் மறுபடி கேட்க வேண்டியதுதான். 12 இலக்க ஆதார் எண் ‘இ+11’ என்று தெரிந்தால் பயம் வேண்டாம், எண் உள்ளே முழுதாக இருக்கிறது. ஃபார்மட்டை ‘நம்பர்’ ஆக்கி, தசமத்தை 0 ஆக்குங்கள்.

சரியான வழி: ‘டேட்டா’ டேபில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’, அடுத்து ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’. டேட்டாவைச் சீராக்கும் எக்செல்லின் உள்கருவியான பவர் குவெரி திறக்கும். கணக்கு எண் உள்ள நெடுவரிசையின் தலைப்பில் உள்ள சின்னக் குறியை அழுத்தி ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். உடனே ஒரு கேள்வி வரும். ‘ரீப்ளேஸ் கரண்ட்’ என்பதையே அழுத்த வேண்டும். ‘ஆட் நியூ ஸ்டெப்’ கொடுத்தால், முந்தைய படியிலேயே ஜீரோ போய்விட்ட எண்தான் டெக்ஸ்ட் ஆகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கே: தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன.

ப: ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்தும் முன் வரும் இறக்குமதி விண்டோவில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்பதை ‘65001: யூனிகோட் (யூடிஎஃப்-8)’ ஆக்குங்கள்.

கே: தேதிகளில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் நிற்கின்றன. இடப்பக்கம் உள்ளவற்றை மட்டும் திருத்தினால் போதுமா?

ப: போதாது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 25/03/2024 அதற்குப் புரியாது, டெக்ஸ்டாக இடப்பக்கம் ஒதுங்கிவிடும். 05/03/2024-ஐ மே 3 என்று எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நிற்கும். ஆபத்து வலப்பக்கத்தில்தான்! ஃபைலை மறுபடி பவர் குவெரி வழியாகக் கொண்டுவந்து, ‘சேஞ்ச் டைப்’பில் ‘யூசிங் லொக்கேல்’ எடுத்து, ‘இங்கிலீஷ் (இந்தியா)’ கொடுங்கள். தேதி விஷயத்தில் எக்செல்லின் அவசரம் உலகப் பிரசித்தம்: ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மனித மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே மாற்றிவிட்டது.

கே: மாதம் ஒரு ஃபைல், 12 ஃபைல். காப்பி-பேஸ்ட் செய்து அலுத்துவிட்டது.

ப: எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ‘ஃப்ரம் ஃபோல்டர்’ கொடுங்கள். அடுத்த மாதம் புது ஃபைலைப் போட்டு ‘ரிஃப்ரெஷ் ஆல்’ அழுத்தினால் போதும். ஆனால் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் முதல் ஃபைலின் தலைப்புகள்தான் சட்டம். ஒரு மாதம் யாராவது ‘தொகை’யை ‘மொத்தத் தொகை’ என்று மாற்றினால், அந்த மாதத் தொகை சத்தமில்லாமல் காலியாகிவிடும்.

கே: 12 கிளைகளின் விற்பனைக்கு பை சார்ட் சரியா?

ப: வேண்டாம். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய பார் சார்ட் போடுங்கள். மாதப் போக்கைக் காட்ட ஒவ்வொரு வரியிலும் ஸ்பார்க்லைன் (ஒரே செல்லுக்குள் அடங்கும் குட்டி சார்ட்) வைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்த அளவுகோலில் வரையப்படுவதால், லட்சம் விற்கும் கிளையும் ஆயிரம் விற்கும் கிளையும் ஒரே உயரத்தில் தெரியும். ‘ஆக்சிஸ்’ மெனுவில் ‘சேம் ஃபார் ஆல் ஸ்பார்க்லைன்ஸ்’ என்று மாற்ற மறக்காதீர்கள்.

கே: பவர் பிஐ (மைக்ரோசாஃப்ட்டின் ரிப்போர்ட் மென்பொருள்) வரைபடத்தில் எங்கள் சேலம் கிளை அமெரிக்காவில் நிற்கிறது!

ப: ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். ஊர், மாநிலம், நாடு மூன்றையும் சேர்த்து ஒரு நெடுவரிசை உருவாக்கி, டேட்டா கேட்டகரியை ‘பிளேஸ்’ ஆக்குங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை கையில் இருந்தால் அவற்றையே கொடுத்துவிடுங்கள், ஊர்ப் பெயர்க் குழப்பமே வராது.