கூடத்துக் கணினியும் கம்பியில்லா இணைப்பும்: வாசகர் கேள்வி–பதில்

தொலைக்காட்சியோடு இணைத்துப் படமும் பாட்டும் கேட்பதற்கென்றே கூடத்தில் ஒரு கணினியை வைத்துக்கொள்ளும் வீடுகள் பெருகிவிட்டன. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் அத்தகைய கணினிகளைப் பற்றியவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுடையது பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு பாட்டனார் காலத்தில் கட்டிய வீடு. முன்கட்டில் ஃபைபர் இணைப்பின் ரௌட்டர், மாடியில் கோப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் கணினி, பின்கட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியோடு இணைத்த சிறு கணினி என்று மூன்றும் தனித்தனி இடங்களில் உள்ளன. இணையத்தில் 4கே படம் தடையின்றி ஓடுகிறது. ஆனால் மகளின் நிக்காஹ்வைப் படம்பிடித்தவர் கொடுத்த 4கே மூலக் கோப்புகளை மாடிக் கணினியிலிருந்து வைஃபை வழியாகக் கூடத்தில் பார்த்தால் நின்று நின்று ஓடுகின்றன. இணைய வேகத்தை 100 மெகாபிட்டிலிருந்து 300 மெகாபிட்டாக உயர்த்தியும் பயனில்லை. விலை உயர்ந்த ரௌட்டர் ஒன்று வாங்கலாமா, ஐயா? — கீழக்கரை வாசகர்

பதில்: இப்போது வாங்க வேண்டாம். இணையத்துக்குக் கூடுதலாகக் கட்டும் பணத்தையும், வேறு தேவை இல்லையென்றால், நிறுத்திவிடலாம். மாடியிலிருந்து கூடத்துக்கு வரும் கோப்பு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆகவே இணையச் சேவையாளர் 300 கொடுத்தாலும் 30 கொடுத்தாலும் அதன் வேகம் மாறாது.

இணையப் படம் ஓடுகையில் உங்கள் கோப்பு மட்டும் திணறுவதற்குக் காரணம் அளவுதான். இணையத் திரைச்சேவைகள் 4கே படத்தை நன்றாக இறுக்கி, விநாடிக்கு ஏறத்தாழ 15 முதல் 25 மெகாபிட் அளவில் அனுப்புகின்றன. திருமணங்களைப் படம்பிடிக்கும் கேமராக்கள் பலவோ 4கே காட்சியை விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்பவை. அந்த அளவில் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 கிகாபைட் இடம் வேண்டும். உங்கள் கோப்பு எப்படிப்பட்டது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்: கோப்பின் அளவை மெகாபைட்டில் எடுத்து, 8 ஆல் பெருக்கி, அது ஓடும் நேரத்தை விநாடிகளாக்கி வகுத்தால் விநாடிக்கு எத்தனை மெகாபிட் தேவை என்பது கிடைத்துவிடும்.

இதைவிட முக்கியமானது, பலரும் கவனிக்காத ஒன்று. இரண்டு கணினிகளும் வைஃபையில் இருப்பதால், கோப்பின் ஒவ்வொரு துணுக்கும் மாடியிலிருந்து ரௌட்டருக்கு ஒரு முறையும், ரௌட்டரிலிருந்து கூடத்துக்கு மறுமுறையுமாகக் காற்றில் இருமுறை பயணம் செய்கிறது. ஒரு வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும் என்பதால், 100 மெகாபிட் காட்சிக்கு 200 மெகாபிட்டுக்கு உரிய காற்றுநேரம் செலவாகிறது. கணினித் திரையில் காட்டும் இணைப்பு வேகத்தில் பாதி உண்மையில் கிடைத்தாலே அது நல்ல வைஃபை. அந்தப் பாதியையும் உங்கள் வீட்டுச் சுவர்கள் தின்றுவிடுகின்றன. பவளக்கல் சுவர் தடிமனானது. ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் தடித்த சுவர், உலர்ந்த செங்கல் சுவரைக் காட்டிலும் அலைகளை அதிகமாக உறிஞ்சும். வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு அதைத் துளைப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைவிடக் கடினம்.

இருப்பினும் சுவரைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, திணறும் கோப்புகளில் ஒன்றை யூஎஸ்பி வழியாகக் கூடத்துக் கணினியின் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் நெட்வொர்க்கின் மீது பழியில்லை; இறுக்கிப் பதிவு செய்த அந்தக் காட்சியை விரித்துக் காட்டும் திறன் கணினிக்குப் போதவில்லை என்று பொருள். கேமராக்களில் சில 10 பிட் 4:2:2 என்ற தொழில்முறை வடிவில் பதிவு செய்கின்றன. பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அந்த வடிவில் எச்.264 என்னும் முறைப்படி இறுக்கிய கோப்பை விரிக்கத் தெரியாது என்பதால் முழுச் சுமையும் பிராசஸரின் மேல் விழுகிறது. கோடி என்னும் ஊடக மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘ஓ’ எழுத்தை அழுத்தினால், காட்சியை விரிப்பது சிப்பா மென்பொருளா என்பதைத் திரையிலேயே காட்டும். மென்பொருள் என்று காட்டினால், ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியைக் கொண்டு சாதாரண 8 பிட் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

நகலெடுத்த கோப்பு சீராக ஓடினால், குறை வழியில் இருக்கிறது. இரண்டாவது சோதனையாக, மாடிக் கணினியைத் தற்காலிகமாக முன்கட்டுக்கு இறக்கி, ரௌட்டரோடு லேன் கேபிளால் இணைத்துவிட்டு, கூடத்துக் கணினியை மட்டும் வைஃபையில் விட்டுப் பாருங்கள். காற்றில் இரண்டு பயணம் ஒன்றாகிவிடுவதால், பல வீடுகளில் இதோடு தொல்லை தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்தால் சேமிப்புக் கணினி மாடியில் இருக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அதை ரௌட்டரின் பக்கத்திலேயே வைத்துவிடுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அதுவும் போதவில்லையென்றால் பின்கட்டுக்கு ஒரு கேபிளை இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. வைஃபை ரிப்பீட்டர் என்று கடையில் விற்கும் மலிவான பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் திருப்பிச் சொல்லும் அந்தப் பெட்டி, இருக்கும் காற்றுநேரத்தை மேலும் பாதியாக்கும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் உப்புக்காற்றில் விரைவில் கெட்டுவிடும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் தேவை. முனையில் ஒரே ஒரு ஊசி களிம்பேறித் தொடர்பு விட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுவதுண்டு. உங்கள் கோப்புக்கு அந்த 100 போதாது. ஆகவே கேபிளைச் செருகியபின் கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வழியாகக் கேபிளைக் கொண்டுபோக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ரௌட்டரும் கணினியும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

கேள்வி: எங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சில நாள்களில் திடீரென்று காணாமற்போய், ஓரிரு நிமிடம் கழித்துத் தானாகவே திரும்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு அப்படியே இருக்கிறது. — உச்சிப்புளி வாசகி

பதில்: 2.4 அப்படியே இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், மின்சாரத் தாழ்வழுத்தத்தில் ரௌட்டர் அணைந்து எழுகிறது என்ற ஐயத்தை விலக்கிவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் இயங்கும் ரௌட்டர் ரேடார் துடிப்பைப் போன்ற எதையேனும் உணர்ந்தால் உடனே சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பதும், அத்தகைய வேறொரு சேனலுக்குப் போவதற்கு முன் குறைந்தது 60 விநாடிகள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த ஒரு நிமிடத்தில்தான் உங்கள் படம் நிற்கிறது. ரௌட்டரின் அமைப்பில் சேனல் ‘தானியங்கி’ என்றிருப்பதை மாற்றி, 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: படுக்கையில் சாய்ந்தபடியே இயக்கலாம் என்று கம்பியில்லா விசைப்பலகை வாங்கினேன். சாதாரணமாக நன்றாக வேலை செய்கிறது. கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் படம் போட்டவுடன் மட்டும் எழுத்துகள் விட்டுப்போகின்றன, சுட்டி துள்ளுகிறது. பேட்டரியை மாற்றியும் பார்த்துவிட்டேன். — பாம்பன் வாசகர்

பதில்: விசைப்பலகையிலும் கோளாறு இல்லை, ஹார்ட் டிஸ்க்கிலும் கோளாறு இல்லை, இரண்டும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதுதான் கோளாறு. யூஎஸ்பி 3.0 வழியாகத் தரவு ஓடும்போது அதன் கேபிளும் செருகுமிடமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. உங்கள் விசைப்பலகைக்காகக் கணினியில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற சிறு துண்டு கேட்பதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். சந்தையில் பக்கத்தில் ஒருவர் ஏலம் கூவிக்கொண்டிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசுபவரின் சொல் காதில் விழாதது போன்ற நிலைமை இது.

ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளை வாங்கி, டாங்கிளை அதன் முனையில் செருகி, தொலைக்காட்சியின் முன்பக்கமாக, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கணினியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இதே இரைச்சலால் மந்தமாகும் என்பதால், ரௌட்டரின் பின்புறத்திலேயே ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைத்திருப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

கேள்வி: கீழ்த்தளத்தில் இணையச் சேவையாளர் பொருத்திய பெட்டி இருக்கிறது. மாடியில் சிக்னல் போதாமல் சொந்தமாக ஒரு ரௌட்டரும் போட்டிருக்கிறோம். இரண்டு இடத்திலும் இணையம் வருகிறது. ஆனால் கூடத்துக் கணினியில் பகிர்ந்துவைத்த கோப்புறை மாடி மடிக்கணினியில் தெரிகிறது ஒரு நாள், தெரியாமல் போகிறது மறுநாள். — தொண்டி வாசகர்

பதில்: ஒரு வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் உருவாகிவிட்டன. மடிக்கணினி எந்த நாளில் கீழ்ப்பெட்டியைப் பிடிக்கிறதோ அன்று கோப்புறை தெரிகிறது; மாடி ரௌட்டரைப் பிடித்த நாளில் தெரிவதில்லை. இரு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். மாடி ரௌட்டரின் அமைப்பில் ‘அக்செஸ் பாயின்ட்’ என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் முகவரி வழங்கும் வேலையைக் கீழ்ப்பெட்டியிடமே விட்டுவிட்டு, அது வெறும் வைஃபை நிலையமாக மட்டும் இயங்கும். பழைய ரௌட்டரில் அந்த வசதி இல்லையென்றால், அதன் முகவரியைக் கீழ்ப்பெட்டியோடு மோதாதபடி மாற்றி, முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை இணையத்துக்கு உரிய ‘வேன்’ (WAN) துளையில் அல்லாமல் ‘லேன்’ (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள்.

அதன் பிறகும் தெரியவில்லையென்றால், விண்டோஸில் அந்த வைஃபை ‘பொது நெட்வொர்க்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். ‘தனியார்’ என மாற்றுங்கள். மிகப் பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கோப்புகளைப் பகிர அவை பேசும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை 2017 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 இயல்பாக நிறுவுவதில்லை. அதைத் தேடிப்பிடித்து இயக்கச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். அதே ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான் பரவியது என்பதால், அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதையே சொல்வேன்.

கேள்வி: நான்கு மாதம் சென்னையில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினோம். கணினி விசிறி சுற்றுகிறது, ‘பீப்’ என்று விட்டுவிட்டு ஒலிக்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. போகும்போது நன்றாகத்தான் இருந்தது. — இராமேசுவரம் வாசகி

பதில்: பயன்படுத்தாமல் இருந்ததுதான் பெரும்பாலும் காரணம், அம்மா. உப்புத் தூசி கணினிக்குள் படிவது எப்போதும் நடப்பது. சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்பு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உள்ளே இருக்கும் வெப்பம் அந்த ஈரத்தைத் தங்கவிடுவதில்லை. பூட்டிய வீட்டில் அணைந்து கிடக்கும் கணினிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

விட்டுவிட்டு ஒலிக்கும் பீப் பெரும்பாலும் ரேம் என்னும் நினைவக அட்டை தொடர்பற்றுப்போனதைக் குறிக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். ரேம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத் துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ‘கிளிக்’ என்று ஒலிக்கும்படி அழுத்திப் பொருத்துங்கள். உப்புத்தாளோ கத்தியோ கூடாது. அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது. கணினி எழுந்தபின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பொத்தான் பேட்டரியை மாற்றிவிடுங்கள். தேதி தவறாக இருக்கும்வரை இணையதளங்கள் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று சொல்லித் திறக்க மறுக்கும். பலர் அதை வைஃபை கோளாறு என்று எண்ணி ரௌட்டரைப் போட்டு உருட்டுகிறார்கள்.

இனிமேல் கணினியைக் கடல் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஊரில் இல்லாதபோது, நம்பிக்கையான பக்கத்து வீட்டார் இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அடுத்து வாங்கும்போது விசிறியே இல்லாத சிறு கணினியாகப் பாருங்கள். காற்றை உள்ளிழுக்காத பெட்டிக்குள் உப்பும் குறைவாகவே போகும். ரேமைக் கழற்றும்போது மதர்போர்டின் மின்செருகிகளிலோ சிப்புகளின் கால்களிலோ பச்சைக் களிம்பு தென்பட்டால், மறுபடியும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.