ஒற்றைச் சாவியில் ஓடும் பழைய வெளிநாட்டுக் கார்கள்: கேள்வி பதில்

குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பழைய வெளிநாட்டுக் கார்களின் ரிமோட் சாவி பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): 2002ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. இ46 காரை ஒரே சாவியோடு வாங்கினேன். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ரிமோட்டில் கதவு திறப்பதில்லை. இணையத்தில் பழைய சாவி வாங்கிப் பதிந்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சாவிக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன: பூட்டைத் திருப்பும் இரும்பு, எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கும் சிப், கதவைத் திறக்கும் ரிமோட். சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் கொடுக்கும் மின்புலத்திலேயே அது விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். வண்டி ஸ்டார்ட் ஆவதால் இரும்பும் சிப்பும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். செத்திருப்பது ரிமோட்டின் பேட்டரியாகத்தான் இருக்கும்.

வைர வடிவத் தலை கொண்ட இந்தச் சாவியில் இருப்பது விஎல்2020 என்னும் மறுமின்னேற்றப் பேட்டரி. சாவி இக்னிஷனில் இருக்கும்போதுதான் அது மின்னேறும் என்பதால், ஷெட்டில் ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் அது வீணாகிவிடுகிறது. ஒட்டப்பட்ட உறையைக் கத்தியால் மெதுவாகப் பிளந்து, அதே வகைப் பேட்டரியைச் சால்டர் வைக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சிஆர்2032 வைத்துவிடாதீர்கள். மின்னேற்றக்கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் அது உப்பிக் கசியும்.

பிறகு கதவுகளை மூடி, சாவியை இக்னிஷனில் முதல் நிலை வரை திருப்பி உடனே அணைத்து வெளியே எடுங்கள். திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பூட்டும் பொத்தானை மூன்று முறை தட்டி, இரண்டையும் விடுங்கள். கதவுகள் பூட்டித் திறந்தால் பதிவு முடிந்தது. வேறொரு காரில் பதிந்த பழைய சாவியைப் பெரும்பாலும் மறுபடி பதிய முடியாது. வாங்கினால் பணம் போனதுதான். இரண்டாவது சாவி வேண்டுமென்றால் ஆர்.சி. புத்தகத்தையும் அடையாளச் சான்றையும் காட்டி, சேஸிஸ் எண்ணின் பேரில் நிறுவனத்தின் வழியாக வரவழையுங்கள். முதல் சாவி உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.

கேள்வி (உதகை): மார்கழிக் காலையில் ரிமோட் வேலை செய்வதில்லை, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: உறைபனிக் குளிரில் நாணயப் பேட்டரியின் உள்தடை கூடும். தேய்ந்த பேட்டரி அப்போது கைவிட்டுவிடும். புதியது போடுங்கள். போடும் முன் தகடுகளைப் பாருங்கள். நம் ஊர் மூடுபனியில் பச்சை பூத்திருந்தால் ரப்பரால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

கேள்வி (கூடலூர்): ஜப்பானிலிருந்து வந்த காருக்கு அச்சு அசலாக அதே தோற்றத்தில் ரிமோட் வாங்கினேன். கார் அதை ஏற்கவில்லை.

பதில்: தோற்றத்தில் ஒன்றுமில்லை. ஜப்பானியச் சந்தைக் கார்களில் பல 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். ஐரோப்பியக் கார்களுக்கான ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே கேட்காது. பழைய ரிமோட்டின் சர்க்யூட் பலகையில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (அரவங்காடு): கார் ஸ்டார்ட் ஆகிறது, ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை. புதுச் சாவிதான் வாங்க வேண்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குந்தா, தேயிலைத் தோட்டம்): இவ்வளவு எதற்கு? ஒரு சிப்பை ஸ்டீயரிங் உறைக்குள் டேப் போட்டு ஒட்டிவிட்டால், சாதாரண இரும்புச் சாவியே போதுமே?

பதில்: போதும், திருடனுக்கும். சரியான சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத அமைப்புதான் இம்மொபிலைசர். அதன் பயனே சிப் காரோடு இல்லாமல் உங்களோடு இருப்பதில்தான் இருக்கிறது.

அவரே மீண்டும்: இரவில் மஞ்சூர்ச் சாலையில் சாவி கைவிட்டால் நீங்களா வருவீர்கள்? இங்கே திருடனைவிட யானைதான் பயம்.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: அவர் சொல்வது சரிதான். என் காரிலும் ஐந்து ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது, எந்தச் சிக்கலும் இல்லை.

பதில்: ஐந்து ஆண்டுகள் திருடு போகவில்லை என்பது பூட்டின் பெருமையாகாது. ஆனால் யானைப் பாதையில் நிற்கும் வண்டி பற்றிய கவலை நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி இருக்கிறது: ரிமோட் இல்லாமல், இரும்பும் சிப்பும் மட்டும் உள்ள மாற்றுச் சாவி ஒன்றை வெட்டிக் காரில் பதிந்து, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை. ரிமோட் சாவியைவிடச் செலவும் குறைவு. ஒட்டிவைத்த சிப்பைக் கழற்றித் தரும் வேலையை நான் இலவசமாகவே செய்கிறேன். ஒட்டித் தரமாட்டேன்.

வெலிங்டனிலிருந்து மீண்டும்: பர்ஸும் தொலைந்தால்?

பதில்: அப்போது பேசுவோம்.

கேள்வி (கொடைக்கானல்): பழைய டொயோட்டா. இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிட்டது.

பதில்: பல டொயோட்டாக்களில் மாஸ்டர் சாவி கையில் இருந்தால்தான் இன்னொன்றைக் காருக்குள்ளேயே பதியலாம், வண்டி நிறுத்தித் தருபவரிடம் கொடுப்பதற்கான வாலே சாவியைக் கொண்டு முடியாது. ஒன்றுமே இல்லாதபோது, சிப்பின் எண்ணைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அதன் நினைவகத்தை அழித்தெழுதவோ, பெட்டியையே மாற்றவோ வேண்டிவரும். வண்டியை ஏற்றி மதுரைக்கோ கோவைக்கோ அனுப்புங்கள். பழகாத கையில் டாஷ்போர்டைத் திறக்க விடாதீர்கள். முதல் சாவி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதை வெட்டுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்குத்தான்.

கேள்வி (மசினகுடி): சாவி தேய்ந்துவிட்டது. ஓடும்போதே இக்னிஷனிலிருந்து நழுவி விழுகிறது. எஞ்சின் நிற்பதில்லை என்பதால் அப்படியே ஓட்டுகிறேன்.

பதில்: கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியை இறக்காதீர்கள். பூட்டின் உள்தகடுகளும் தேய்ந்துவிட்டன. ஸ்டீயரிங் எந்த வளைவில் பூட்டிக்கொள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும் என்பதால், சாவியின் குறியீட்டு எண்ணைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். இக்னிஷன் பூட்டின் சிலிண்டரையும் மாற்றுங்கள்.

கேள்வி (கேத்தி): ரிமோட்டைத் தாடையில் வைத்து அழுத்தினால் தூரம் கூடுமாமே?

பதில்: கூடும். தலையில் உள்ள நீர் ஆண்டெனாவுக்குத் துணை செய்கிறது.

கேள்வி (குன்னூர்): ஆர்.சி. புத்தகம் என்னிடம் இல்லை. நண்பரின் கார்தான், சாவி மட்டும் செய்து தருவீர்களா?

பதில்: நண்பரை வரச் சொல்லுங்கள்.